ஆண்டீஸின் ஒற்றையடிப் பாதைகள்: யாருடைய அடி?

ஆண்டீஸ் மலைகளின் உயர்நிலங்களில் மலை மிதிவண்டி ஓட்டுவதைப் பற்றி எழுதப்படும் எதையும் எடுத்துப் பாருங்கள். குஸ்கோவாக இருக்கட்டும், லா பாஸாக இருக்கட்டும், பெருவின் வெண்மலைத் தொடராக இருக்கட்டும். பாதைகளைக் குறித்து மூன்று அடைமொழிகள் தவறாமல் வந்து நிற்கும். அவை கைபடாதவை, அவை கைவிடப்பட்டவை, அவை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை. ஒரே பாதை ஒரே நேரத்தில் இம்மூன்றாகவும் இருக்க முடியாது என்பது தருக்கம் படிக்கத் தொடங்கிய மாணவருக்கும் விளங்கும். கைபடாத ஒன்றை யார் கைவிட்டிருக்க முடியும்? கைவிட்டவர் ஒருவர் இருந்தார் என்றால், அதைப் புதிதாகக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? ஆங்கிலத்தில் மிக எளிதாகப் புழங்கும் அந்த முதல் அடைமொழியைத் தமிழில் நேராகப் பெயர்த்தால் ‘தீண்டப்படாத’ என்று வரும். நம் மொழியில் அச்சொல்லை எவரும் விளையாட்டாகக் கையாள முடியாது. அதைச் சொன்ன மாத்திரத்தில் தீண்ட மறுத்தவர் யார், மறுக்கப்பட்டவர் யார் என்ற வினா எழுந்துவிடும். அந்த வினா ஆண்டீஸிலும் எழ வேண்டும் என்பதே இப்பதிவின் வேண்டுகோள்.

சுற்றுலா விளம்பரங்கள் இப்படி எழுதுவதில் வியப்பில்லை. விற்பது அவற்றின் தொழில். ஆனால் அந்த அடைமொழிகள் இப்போது ஆய்வேடுகளுக்குள்ளும் கருத்தரங்குக் கட்டுரைகளுக்குள்ளும் குடியேறிவிட்டன. ‘நிலைத்த சாகசச் சுற்றுலா’ என்ற தலைப்பில் நம் பல்கலைக்கழகங்களில் வாசிக்கப்படும் கட்டுரைகளில் பெருவும் பொலிவியாவும் முன்மாதிரிகளாகக் காட்டப்படுகின்றன. ஸ்பிதிக்கும் லடாக்குக்கும் அதே மாதிரியைப் பரிந்துரைப்பதோடு அவை முடிகின்றன. ஆகவே இது தொலைதூரத்துச் சண்டை அன்று. நாம் எதைத் தரவு என்று ஏற்கிறோம் என்பதைப் பற்றிய சண்டை.

முதலில் பாதைகளைப் பற்றிப் பேசுவோம். இன்காக்களின் சாலை வலைப்பின்னலான காபாக் ஞான் ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் நீளமுடையது. இன்றைய அர்ஜென்டினா, பொலிவியா, சிலி, கொலம்பியா, ஈக்வடார், பெரு ஆகிய ஆறு நாடுகளில் அது பரவிக் கிடக்கிறது; 2014இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இந்தச் சாலை சக்கரம் இல்லாத ஒரு நாகரிகம் கட்டியது. மனிதக் காலுக்கும் லாமா விலங்கின் காலுக்கும் ஏற்றபடி படிகள் வெட்டப்பட்டன. சரிவுகளில் கல் பாவப்பட்டது. மழைநீர் பாதையை அரித்துவிடாமலிருக்க வடிகால்கள் அமைக்கப்பட்டன. பதினாறாம் நூற்றாண்டில் வந்த ஸ்பானியரின் குதிரைகள் அந்தப் படிகளில் இடறித் தடுமாறின. அதே படிகளில் முன்னும் பின்னும் அதிர்வுதாங்கிகள் பொருத்திய மிதிவண்டி இன்று இறங்குகிறது. ஓட்டுபவரின் தலைக்கவசத்தில் பொருத்திய கேமரா அதைப் படம்பிடிக்கிறது. அந்தப் படங்களில் படி ஒரு ‘தொழில்நுட்பச் சவால்’. அதை வெட்டியவரைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை.

எல்லாப் பாதைகளும் இன்காச் சாலைகள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிதிவண்டி ஓட்டுவோர் விரும்பும் தடங்களில் பெரும்பாலானவை மேய்ச்சல் பாதைகள், விளைநிலத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான பாதைகள், சந்தைக்குப் போகும் பாதைகள். ஆங்கிலத்தில் இவற்றுக்கு அவர்கள் தரும் பெயர், ஒற்றைத் தடம் என்ற பொருளது. நாம் அதை ‘ஒற்றையடிப் பாதை’ என்கிறோம். நம் சொல்லுக்குள் ஓர் அடி இருக்கிறது. ஒருவர் காலை வைத்து, அடுத்தவர் அதன்மேல் காலை வைத்து, அப்படித்தான் அது பாதையாயிற்று என்ற வரலாறு சொல்லிலேயே பதிந்திருக்கிறது. அவர்கள் சொல்லில் அடி இல்லை. கோடு மட்டும் இருக்கிறது. கோட்டுக்கு உரிமையாளர் தேவையில்லை.

நாலாயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு பாதை தானாக நிலைத்திருப்பதில்லை. ஒரு மழைக்காலம் போதும். சரிவு பெயர்ந்து மூடிவிடும். அது திறந்திருக்கிறது என்றால் யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கெச்சுவா, அய்மாரா சமூகங்களில் இதற்கான ஒழுங்குகள் உண்டு. ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாருக்கு உழைத்துப் பின்னர் அதே உழைப்பைத் திரும்பப் பெறுவது அய்னி. ஊர் முழுதும் ஒன்றுகூடிப் பொதுக்காரியத்துக்கு உழைப்பது மிங்கா. பெருவின் பல பகுதிகளில் இன்று அதை ஃபாய்னா என்கிறார்கள். வாய்க்கால் தூர்வாருவதும் பாதை செப்பனிடுவதும் அந்த நாட்களில்தான் நடக்கும். வராத வீட்டார் தண்டம் கட்ட வேண்டும். இதன் மிகத் தெளிவான வடிவத்தை அபுரிமாக் ஆற்றின்மேல் காணலாம். கெஸ்வாசாக்கா என்ற புல்கயிற்றுப் பாலம் 28 மீட்டர் நீளம் கொண்டது. நான்கு சமூகத்தார் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டு, இச்சு புல்லைத் திரித்துக் கயிறாக்கிப் புதிய பாலத்தை நெய்கிறார்கள். 2013இல் யுனெஸ்கோ அந்த அறிவை மானுடத்தின் அருவமான மரபாகப் பதிவு செய்தது. வழக்கமாக இதை ‘அழியாத மரபு’ என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கோ இதில் தெரிவது வேறு: ஆண்டீஸில் ஒரு வழி என்பது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய ஓர் ஒப்பந்தம். புல் பாலத்தில் அது கண்ணுக்குத் தெரிகிறது. மேய்ச்சல் பாதையில் தெரிவதில்லை. இரண்டுக்கும் வேறுபாடு அவ்வளவே.

உழைப்பு என்று சொன்னேன். அது எப்போதும் விரும்பிச் செய்த உழைப்பாக இருந்ததில்லை என்பதையும் சொல்லாமல் விட்டால் நானும் அழகியல் பேசுபவனாகிவிடுவேன். இன்கா அரசே மீத்தா என்ற கட்டாய உழைப்பின்மேல்தான் தன் சாலைகளைக் கட்டியது. அதே பெயரை எடுத்துக்கொண்டு, 1570களில் வைஸ்ராய் டொலேடோ பொத்தோசியின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு மலைச் சமூகங்களிலிருந்து முறைவைத்து ஆட்களை இழுத்தார். 1812இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. குடியரசு வந்தும் கதை மாறவில்லை. 1920இல் பெருவின் குடியரசுத் தலைவர் லெகியா சாலைக் கட்டாயப் பணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 18 வயதிலிருந்து 60 வயது வரையிலான ஆண்கள் ஆண்டுக்குச் சில நாட்கள் ஊதியமின்றிச் சாலை போட வேண்டும்; பணம் கட்டக்கூடியவர் கட்டித் தப்பலாம். பணமில்லாதவர் யாரென்று விளக்க வேண்டியதில்லை. மரியாத்தெகி போன்றவர்கள் இதைப் பழைய மீத்தாவின் மறுபிறப்பு என்றே கண்டார்கள். 1930இல் லெகியா வீழ்ந்த பிறகுதான் அச்சட்டம் நீங்கியது. இன்று பெருவின் மலைகளில் இறங்கும் ஒருவர், எந்தச் சரிவு ஃபாய்னாவால் ஆனது, எந்தச் சரிவு கட்டாயப் பணியால் ஆனது என்று அறியாமல்தான் இறங்குகிறார். அறிந்திருக்க வேண்டியவர்கள் நாம். ஆய்வாளர் என்ற பெயர் நமக்கு அதற்காகத்தானே தரப்பட்டிருக்கிறது!

இனி, எல்லோரும் மேற்கோள் காட்டும் பொலிவியாவின் யுங்காஸ் சாலைக்கு வருகிறேன். ‘மரணச் சாலை’ என்ற பெயரில் உலகெங்கும் விற்கப்படுவது இது. லா பாஸுக்கு மேலே லா கும்ப்ரே கணவாய் ஏறத்தாழ 4,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குக்கும் குறைவு. அங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் 1,200 மீட்டர் உயரத்திலுள்ள ஈரக்காட்டுச் சரிவுகளுக்கு வந்துவிடலாம். 1930களில் சாக்கோ போரில் சிறைப்பட்ட பராகுவே வீரர்களைக் கொண்டு இந்தச் சாலை வெட்டப்பட்டது. பெரும்பகுதியில் ஒரு வண்டி மட்டுமே செல்லக்கூடிய அகலம். ஒருபுறம் செங்குத்துப் பாறை, மறுபுறம் பள்ளத்தாக்கு. பொலிவியாவின் பிற சாலைகளில் வலப்புறம் செல்வதே விதி. இங்கே மட்டும் இடப்புறம் செல்ல வேண்டும். ஓட்டுநர் தம் பக்கத்துச் சக்கரம் விளிம்பிலிருந்து எத்தனை விரற்கடை தள்ளியிருக்கிறது என்று சன்னல் வழியே எட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த மாற்று விதி. 1983 ஜூலையில் ஒரே பேருந்து கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1995இல் அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி இதை உலகின் மிக ஆபத்தான சாலை என்றது. அச்சொற்களே பின்னர் விளம்பர வாசகமாயின.

2006 வாக்கில் மாற்றுச் சாலை திறக்கப்பட்டது. லாரிகளும் பேருந்துகளும் அதற்கு நகர்ந்தன. பழைய சாலை மிதிவண்டிகளுக்கு வாய்த்தது. இறங்கி முடித்தவர்களுக்கு, ‘மரணச் சாலையில் உயிர் பிழைத்தேன்’ என்ற பொருளில் அச்சிட்ட சட்டை கிடைக்கிறது. உயிர் பிழைத்தோர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் தகுதி அந்தச் சாலையில் யாருக்கு உண்டு? யுங்காஸின் கொக்கா இலையையும் காப்பியையும் பழங்களையும் ஏற்றிக்கொண்டு, மூட்டைகளின்மேல் உட்கார்ந்து லா பாஸ் சந்தைக்குப் போன உழவர்களுக்கு உண்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களான ஆப்பிரிக்க-பொலிவிய மக்கள் அந்தப் பள்ளத்தாக்குகளில் வாழ்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் அரசியலமைப்புதான் அவர்களைத் தனி மக்களாக ஏற்றது. அவர்களுக்கும் அந்தச் சாலையில் வேறு தேர்வு இருந்ததில்லை. அவர்களின் சாவு வறுமையின் விளைவு. வேறு வழி இல்லாததால் நேர்ந்த அந்தச் சாவுகளின் பெயரை எடுத்து, வேறு ஆயிரம் வழிகள் உள்ளவர்களுக்கு ஒருநாள் சிலிர்ப்பாக விற்பதை நான் ஆபாசம் என்றே சொல்வேன். ‘இருண்மைச் சுற்றுலா’ என்ற கோட்பாட்டுப் பெயர் சூட்டிவிட்டால் ஆபாசம் ஆய்வுப்பொருளாகிவிடாது.

இத்தனைக்கும் அதே லா கும்ப்ரே கணவாயிலிருந்து மற்றொரு வழியும் இறங்குகிறது. எல் சோரோ என்ற அந்தக் கல்பாவிய பாதை ஸ்பானியர் வருவதற்கு முன்பே போடப்பட்டது. யுங்காஸின் கொக்காவை உயர்நிலத்துக்கு ஏற்றிய வழிகளில் அதுவும் ஒன்று. கொக்கா இல்லாமல் உயர்நிலத்துச் சமூக வாழ்வு இல்லை; தாழ்நிலத்து விளைச்சலும் உயர்நிலத்து மந்தையும் ஒரே உறவுக் குழுவின் கையில் இருந்த பொருளாதாரத்தை ஜான் முர்ரா விளக்கிக் காட்டியிருக்கிறார். ஆண்டீஸின் மேல்-கீழ்ப் பாதைகள் அந்தப் பொருளாதாரத்தின் நரம்புகள். மிதிவண்டிச் சுற்றுலாவோ அவற்றில் கீழ்நோக்கிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஏறுவதற்கு வேன் உண்டு. உழவர் ஏறினார், இறங்கினார், மீண்டும் ஏறினார். வந்தவர் இறங்கிவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறார்.

இப்போது என் முதன்மையான குற்றச்சாட்டு. அது ஓட்டுபவர்கள்மேல் அன்று, நம்மேல். அண்மைக் காலச் சுற்றுலா ஆய்வுகளில் பாதைப் பயன்பாட்டுக்கான சான்றாகச் செயலித் தரவுகள் பெருமளவில் எடுத்தாளப்படுகின்றன. ஸ்ட்ராவா போன்ற செயலிகள் பயனர்களின் செயற்கைக்கோள் தடங்களைத் திரட்டி ‘வெப்ப வரைபடம்’ ஒன்றை வெளியிடுகின்றன. எந்தப் பாதையில் கூடுதலான பேர் சென்றார்களோ அது வெளிச்சமாகத் தெரியும். சொற்பமான பேர் சென்றது மங்கலாகத் தெரியும். எவரும் செல்லாதது இருளாக இருக்கும். இதே தரவு திட்டமிடும் அரசு அமைப்புகளுக்கும் வழங்கப்படுகிறது. கேட்பதற்கு எவ்வளவு சனநாயகமாக இருக்கிறது! ஆனால் விடியலில் அல்பாக்கா மந்தையை ஓட்டிச் செல்லும் பெண் தன் நடையைப் பதிவேற்றுவதில்லை. அவர் ஒரு நாளைக்கு இருமுறை, ஆண்டு முழுதும், வாழ்நாளெல்லாம் நடந்த பாதை வரைபடத்தில் இருளாகவே இருக்கும். உலர்காலத்தில் பத்து நாள் விடுப்பில் வந்த ஒருவர் ஒரே முறை இறங்கியது ஒளிக்கீற்றாகத் தெரியும். பிறகு நம் மாணவர் எழுதுகிறார்: இப்பாதையின் முதன்மைப் பயனர்கள் மலை மிதிவண்டி ஓட்டுவோர். அடிக்குறிப்பில் செயலியின் பெயர். மதிப்பீட்டாளரும் சரி என்கிறார்.

இதைச் சாதாரணப் பிழை என்று விட்டுவிட முடியாது. மாதிரியெடுப்பில் சாய்வு உள்ளது என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் இங்கே விடுபட்டிருப்பவர்கள் பாதையை ஆக்கியவர்கள். அவர்களை விட்டுவிட்டுப் பாதையை அளப்பது, நெசவாளரை விட்டுவிட்டுச் சேலை உடுத்தியவர்களை மட்டும் எண்ணி நெசவின் வரலாறு எழுதுவதற்கு ஒப்பாகும். பெயரின் நிலையும் இதுவே. அதே செயலியில் ஒரு பாதைத் துண்டை வரையறுப்பவரே அதற்குப் பெயரும் சூட்டுகிறார். ஒவ்வொரு சரிவுக்கும் ஊற்றுக்கும் பாறைக்கும் கெச்சுவாப் பெயர் இருக்கும் நிலத்தில், முதலில் பதிவேற்றியவர் வைத்த பெயர் தேடுபொறியில் நிலைபெறுகிறது. 1911இல் ஹிராம் பிங்ஹாம் மச்சு பிச்சுவைக் ‘கண்டுபிடித்தபோது’ அதன் படிநிலங்களில் உழவர் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. 1902ஆம் ஆண்டிட்ட லிசார்ராகாவின் பெயர் அங்கே சுவரில் கரியால் எழுதப்பட்டிருந்தது. அன்று ஒரு பல்கலைக்கழகமும் ஒரு பத்திரிகையும் சேர்ந்து செய்த கண்டுபிடிப்பை இன்று ஒரு கைபேசி தனியே செய்துவிடுகிறது.

மறுதரப்பு வாதங்களுக்கும் விடை சொல்ல வேண்டும். முதலாவது சூழலியல் தரப்பு. சக்கரம் மண்ணை அரிக்கிறது, ஆகவே மிதிவண்டிகளைத் தடை செய்க என்கிறார்கள். நான் இதற்கு உடன்படவில்லை. 1994இல் வில்சனும் சீனியும் அமெரிக்காவின் மொன்டானா மலைப்பாதைகளில் செய்த சோதனையில், ஈரமான தடத்தில் குதிரைக் குளம்பும் மனிதக் காலும் மிதிவண்டியைவிடக் கூடுதலாக மண்ணைப் பெயர்த்தன என்று தெரிந்தது. அந்த முடிவை அப்படியே பூனா புல்வெளிக்கு ஏற்ற முடியாது என்பது உண்மை. பொஃபெதால் எனப்படும் உயர்நிலச் சதுப்புகள் கரிமண் செறிந்தவை. உலர்காலத்தில் மந்தைகளுக்கு நீரும் பசும்புல்லும் தருபவை அவைதாம். இறக்கத்தில் தடையை இறுக்கிப் பிடித்துச் சறுக்கும் சக்கரம் அங்கே ஒரு பள்ளக்கோட்டை வெட்டினால் அது வடிகாலாகிச் சதுப்பை உலர்த்தும். ஆகவே எங்கே, எந்தப் பருவத்தில் என்ற கேள்விகள் உண்டு. ஆனால் சக்கரத்தை மட்டும் எதிரியாக்கும் வாதம் நாளை குளம்பையும் எதிரியாக்கும்; தூய இயற்கையைக் காப்பதாகச் சொல்லி மேய்ப்பரை வெளியேற்றிய தேசியப் பூங்காக்களின் வரலாறு நமக்குத் தெரியாததன்று. மச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா பாதையில் மிதிவண்டிக்கு இடமில்லை. சுமைதூக்குவோரையும் வழிகாட்டிகளையும் சேர்த்து நாளொன்றுக்கு 500 பேர் என்ற வரம்பும் உண்டு. அங்கே கல் காக்கப்பட்டது. கல்மேல் சுமையோடு நடந்தவரின் முதுகெலும்பைக் காக்க 2001இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

இரண்டாவது, உடலியல் தரப்பு. இதை நான் ஓரளவு விரித்தே சொல்வேன், ஏனெனில் இங்கே அறிவியலே இரண்டு முறை கெட்டிருக்கிறது. 1921-22இல் ஜோசப் பார்கிராஃப்ட் என்ற கேம்பிரிட்ஜ் உடலியலாளர் செர்ரோ டி பாஸ்கோ என்ற 4,300 மீட்டர் உயரச் சுரங்க நகரில் ஆய்வு செய்தார். அதன் முடிவில், உயரத்தில் வாழ்வோர் எல்லோரும் உடலாலும் மனத்தாலும் குறைபட்டவர்கள் என்ற கருத்தை எழுதினார். மூச்சு வாங்கியது வந்தவருக்கு. குறை சொல்லப்பட்டது இருந்தவர்களுக்கு. பெருவின் மருத்துவர் கார்லோஸ் மோங்கே இதை மறுப்பதையே தம் வாழ்நாள் ஆய்வாக்கினார். உயர்நில மனிதரின் உடல் தனக்கேயுரிய ஒழுங்குடையது என்றார். அந்த ஒழுங்கு சிலரிடத்தில் குலைவதை நோயாக அடையாளம் கண்டவரும் அவரே. அந்நோய் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நூறாண்டுக்குப் பிறகு விளம்பரங்கள் தலைகீழாகப் பேசுகின்றன: மலைவாசிகள் மீமனிதர்கள், களைப்பறியாதவர்கள், அவர்கள் நுரையீரலே வேறு. களைப்பறியாதவருக்கு ஓய்வு எதற்கு, கூடுதல் கூலி எதற்கு? குறைபட்டவர் என்றாலும் மீமனிதர் என்றாலும் சம்பளப் பட்டியலில் தொகை ஒன்றுதான்.

மூன்றாவது தரப்பே வலுவானது. உள்ளூர் மக்களுக்கு வருமானம் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, மறுப்பவன் மூடன். வேன் ஓட்டுபவர், சமைப்பவர், மிதிவண்டியைப் பழுதுபார்ப்பவர், வழிகாட்டி என்று குஸ்கோவிலும் லா பாஸிலும் பல குடும்பங்கள் இதனால் வாழ்கின்றன. அந்நகரங்களின் இளைஞர்கள் தாமே ஆர்வத்தோடு ஓட்டுகிறார்கள். அவர்களிடம் போய் இது காலனியம், வண்டியை விட்டு இறங்கு என்று சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, விருப்பமும் இல்லை. என் கேள்வி வருமானத்தைப் பற்றியதே அன்று. வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி.

மராஸ் உப்பளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். குஸ்கோவின் மிதிவண்டித் தடங்களில் மிகவும் பெயர்பெற்றது மராஸிலிருந்து அந்த உப்பளங்களின் ஓரமாக உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்குவது. மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறத்தாழ மூவாயிரம் பாத்திகள். ஓர் உவர் ஊற்றின் நீர் அவற்றில் பாய்ந்து உப்பாகிறது. மராஸ், பிச்சிங்கோத்தோ சமூகங்களின் குடும்பங்கள் அவற்றை வைத்திருக்கின்றன. நுழைவுக் கட்டணத்தையும் அவர்களே வாங்குகிறார்கள். பார்வையாளர் கூட்டத்தால் உப்பு மாசுபடுகிறது என்று கண்டபோது, சில ஆண்டுகளுக்கு முன், பாத்திகளுக்கிடையே நடக்க விடுவதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். சுற்றுலா அதனால் அழிந்துவிடவில்லை. உரிமை என்பது இதுதான்: வாசலில் நின்று காசு வாங்குவது மட்டுமன்று, தேவையானபோது கதவைச் சாத்துவது. மேய்ச்சல் பாதைக்கு வாசலும் இல்லை, கதவும் இல்லை. ஒருவர் பதிவேற்றிய தடம் உலகெங்கும் பரவிய பின்னர் அந்தச் சமூகத்தின் பேரவை கூடி எதைச் சாத்துவது?

சட்டம் துணைக்கு வராதா என்று கேட்கலாம். பெரு 1994இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையை ஏற்றது. 2009இல் பாகுவாவில் சிந்திய குருதிக்குப் பிறகு, 2011இல் முன்கலந்தாய்வுச் சட்டம் வந்தது. ஆனால் அச்சட்டம் அரசின் சட்டமியற்றல், நிர்வாக நடவடிக்கை ஆகியவற்றுக்கே பொருந்தும். தனியார் ஒருவர் கைபேசியில் பாதையை வெளியிடுவது எந்த நிர்வாக நடவடிக்கையும் அன்று; ஆகவே கலந்தாய்வும் இல்லை. இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 1969இல் வெலாஸ்கோ அரசு நிலச்சீர்திருத்தத்தோடு சேர்த்து ‘இந்தியர்’ என்ற இழிசொல்லை நீக்கி ‘உழவர்’ என்ற சொல்லை வைத்தது. மலைச் சமூகங்கள் ‘உழவர் சமூகங்கள்’ ஆயின. மதிப்பளிக்கச் செய்த மாற்றம் அது. நாற்பது ஆண்டுகள் கழித்துக் கலந்தாய்வுச் சட்டம் வந்தபோது, ஆண்டீஸின் உழவர் சமூகங்கள் பூர்வகுடிகள்தாமா என்ற ஐயத்தை அரசே எழுப்பியது. பெயரைக் கொடுத்து மரியாதை செய்தவர்கள் அதே பெயரைக் காட்டி உரிமையை மறுக்க முற்பட்டார்கள். வகைப்பாடுகளோடு வேலை செய்யும் நாம் இதைவிடச் சிறந்த பாடத்தை எந்தக் கோட்பாட்டு நூலிலும் பெற முடியாது.

இந்தியாவிலிருந்து ஏன் இவ்வளவு கவலை என்று எப்படியும் ஒரு பின்னூட்டம் வரும். சாங்தாங்கில் சாங்பா மேய்ப்பர்களின் பாதைகளும் அதே வெப்ப வரைபடத்தில் அதே இருளில்தான் இருக்கின்றன. அங்கே எந்தப் பாதை ‘பயன்பாட்டில் இல்லை’ என்று நாளைய திட்ட அறிக்கை எழுதப்போகிறதோ, அந்த அறிக்கைக்கு மேற்கோளாக அமையப்போவது இன்று நம் துறைகளில் எழுதப்படும் ஆய்வேடு.

ஆய்வேடுகளை வழிநடத்தும் பேராசிரியர்களிடம், ஆகவே, சில கோரிக்கைகள் வைக்கிறேன். செயலித் தரவை மட்டும் கொண்டு ஒரு பாதையின் பயனர் யார் என்று அறுதியிடும் இயலைத் திருப்பி அனுப்புங்கள். பாதை யாருடைய நிலத்தின் வழியே செல்கிறது, அதை யார் செப்பனிடுகிறார்கள், எந்த மாதத்தில், என்ன ஒழுங்கின்படி என்ற விவரம் இல்லாத களப்பணி அத்தியாயத்தைக் களப்பணி என்று ஏற்காதீர்கள். சமூகத்தின் பேரவையிடம் இசைவு பெறாமல் செயற்கைக்கோள் தடங்களைப் பின்னிணைப்பாக வெளியிடும் வழக்கத்தை உங்கள் துறையின் அறநெறிக் குழு இந்தப் பருவத்திலேயே நிறுத்தட்டும். தனியொருவரிடம் கையொப்பம் வாங்கும் படிவம் பொதுநிலத்துக்குப் போதாது. மாணவர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் இயல்களில் ‘கைபடாத’, ‘கைவிடப்பட்ட’, ‘கண்டுபிடிக்கப்பட்ட’ என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். அகப்படும் இடந்தோறும் அதை நீக்கிவிட்டு, அந்தப் பாதையைக் கடைசியாகச் செப்பனிட்ட ஊரின் பெயரை அங்கே எழுத முயலுங்கள். எழுத முடியாத இடத்தில் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள்.